குறிஞ்சித் தபால்தலை: பெங்களூரிலிருந்து தேடிப் போகிறவர்களுக்கு

2006 மே 29 அன்று இந்திய அஞ்சல் துறை குறிஞ்சி மலருக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்தத் தேதியைக் கவனிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் தறுவாயில் தலை கைக்கு வந்தது. மழை சற்று ஓய்ந்ததும், ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை, நீலகிரியிலும் பழனி மலையிலும் மூணாறைச் சுற்றிய சரிவுகளிலும் குறிஞ்சி பூத்தது. 1994-க்குப் பிறகு அந்த மலைகள் அப்படி நீலமானது அப்போதுதான். அதே ஆண்டு அக்டோபரில் கேரள அரசு இடுக்கி மாவட்டத்தில் கொட்டக்கம்பூர், வட்டவடை பகுதிகளைச் சேர்ந்த 3,200 ஹெக்டேர் நிலத்தைக் குறிஞ்சிமலை சரணாலயமாக அறிவித்தது.

ஒரு காட்டுச் செடிக்கு ஒரே ஆண்டில் தபால்தலையும் சரணாலயமும் வாய்ப்பது சாதாரணமல்ல. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஜி. ராஜ்குமார் ஒருங்கிணைத்த குறிஞ்சிப் பாதுகாப்பு இயக்கத்தினர், அதற்கு முந்தைய ஆண்டுகளில் கொடைக்கானலிலிருந்து மூணாறுக்கு மலைவழியாக நடந்தே போய் மக்களிடம் பேசியவர்கள். தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டிலும் குறிஞ்சியின் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருந்ததை அவர்கள்தான் ஓயாமல் எடுத்துச் சொன்னார்கள். இன்று குறிஞ்சித் தலையை ஆல்பத்தில் வைப்பவர் இந்தப் பின்னணியையும் சேர்த்துத்தான் வைக்கிறார்.

மலர்த் தலைகளைச் சேகரிக்கத் தொடங்கும் பெங்களூர்க்காரருக்கு இந்த ஒரு தலை நல்ல வாசல். நகரத்திலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டக்கூடிய மலைகளில் இந்தச் செடியும் இதன் உறவுகளும் இருக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. எந்தத் தேதி, எந்த ஊர் முத்திரை, என்ன நிலை என்று ஒவ்வொன்றையும் குறித்து வைப்பது தலை சேகரிப்பவரின் பழக்கம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் செடியைப் புரிந்துகொள்ளவும் அதே பழக்கம்தான் வேண்டும்.

தலையை எங்கே தேடுவது

ராஜ்பவன் சாலையும் அம்பேத்கர் வீதியும் சந்திக்கும் இடத்தில், விதான சவுதா மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் பெங்களூர் ஜி.பி.ஓ. இருக்கிறது. அங்குள்ள தபால்தலைப் பிரிவில்தான் புதிய வெளியீடுகள் முதலில் கிடைக்கும். 2006-இல் வந்த தலையை இன்று அந்தக் கவுன்ட்டரில் கேட்டுப் பயனில்லை. நினைவுத் தலைகள் வெளியான கொஞ்ச காலத்துக்குத்தான் அங்கே விற்பனையில் இருக்கும். இருந்தாலும் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். 200 ரூபாய் செலுத்தி அங்கே தபால்தலை வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டால், இனி வரும் தலைகள் விட்டுப்போகாமல் கிடைக்கும். அடுத்த மலர்த் தலை வெளியானதைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு ஓட வேண்டியிருக்காது.

குறிஞ்சித் தலைக்கு விற்பனையாளர்களைத்தான் நாட வேண்டும். கர்நாடக அஞ்சல் வட்டம் நடத்தும் ‘கர்நாபெக்ஸ்’ கண்காட்சிகளில் அவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கர்நாடக ஃபிலாட்டெலிக் சொசைட்டியின் உறுப்பினர்களிடம் கேட்டால் இரட்டைப் பிரதி வைத்திருப்பவர் யார் என்று தெரியவரும். புதிதாக வருபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பூதான் அரியது, தலை அரியதல்ல. அரிய மலர் என்ற பெயரைச் சொல்லி யாராவது ஆயிரக்கணக்கில் விலை சொன்னால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடலாம்.

வாங்கும்போது மூன்றையும் கேட்டுப் பார்ப்பது நல்லது: பயன்படுத்தாத தலை, முதல் நாள் உறை, தலையோடு வெளியான தகவல் தாள். உறையில் முத்திரைத் தேதி 29.5.2006 என்று தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும். தேதி மங்கிய உறைக்குப் பாதி மதிப்புதான். தலையின் நான்கு பக்கமும் பற்கள் முழுதாக இருக்கின்றனவா, பின்பக்கப் பசை மஞ்சளாகியிருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்ட உதவும் சிறு தாள்துண்டான ஹிஞ்சின் பழைய தழும்பு உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். தகவல் தாளைப் பலர் அலட்சியப்படுத்துவார்கள். அது தவறு. அஞ்சல் துறையே அந்தச் செடியைப் பற்றி எழுதி அச்சிட்ட ஆவணம் அது.

பெங்களூரின் மழைமாத ஈரம் தலைகளுக்கு ஆகாது. விரலால் தொடாமல் ட்வீசரால் எடுப்பது, பி.வி.சி. உறைகளைத் தவிர்ப்பது, அமிலமில்லாத தாளில் மவுண்ட் போட்டு வைப்பது, ஆல்பத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாமல் நிமிர்த்தி வைப்பது, அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது ஆகிய இவ்வளவும் செய்தால் இன்னொரு தலைமுறைக்கு அது புதிதாகவே போய்ச் சேரும்.

‘மை ஸ்டாம்ப்’ என்று விற்கப்படுவதை மலர்த் தலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் படத்தைத் தலையோடு அச்சிட்டுக்கொள்ளலாம். அதில் குறிஞ்சிப் படம் இருந்தாலும் அது தேசிய வெளியீடு ஆகிவிடாது. ஊர் விழாவுக்கும் நினைவு நாளுக்கும் அஞ்சல் வட்டங்கள் வெளியிடும் சிறப்பு உறைகள் வேறு வகை. அவற்றில் உறையும் முத்திரையும்தான் புதியவை. மேலே ஒட்டியிருக்கும் தலை ஏற்கெனவே வந்ததாக இருக்கும்.

பக்கத்தில் என்ன வைக்கலாம்

ஒரே ஒரு தலையை வைத்து ஆல்பப் பக்கம் கட்ட முடியாது. குறிஞ்சிக்கு உறவாக நிற்கக்கூடியவை பல இருக்கின்றன. 1977 ஜூலை 1 அன்று வந்த இந்திய மலர்கள் வரிசையில் தாமரை, கடம்பு, ரோடோடென்ட்ரான் ஆகியவற்றோடு செங்காந்தளும் இடம்பெற்றது. தமிழ்நாட்டின் மாநில மலரான காந்தள், கர்நாடகத்தின் புதர்க்காடுகளிலும் வேலியோரங்களிலும் மழைக்காலத்தில் தானாக ஏறிப் பூக்கும். கிழங்கில் கால்ச்சிசின் என்ற கடும் நஞ்சு இருப்பதால் குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

1982 மே 29 அன்று இமயமலைப் பூக்கள் நான்கு தலைகளில் வந்தன. அவற்றில் நீலப் பாப்பியும் பிரம்மகமலமும் உண்டு. 1991 அக்டோபர் 12 அன்று வந்த ஆறு ஆர்கிட் தலைகள் தென்னிந்தியருக்கு இன்னும் நெருக்கமானவை. அவற்றில் ஒன்றான ஏரிடிஸ் கிறிஸ்பம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மரக்கிளைகளில் மழை தொடங்கும் காலத்தில் இளஞ்சிவப்புக் கொத்தாகத் தொங்குவது. வாண்டா ஸ்பாத்துலாட்டா என்ற மஞ்சள் ஆர்கிட் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுச் சொத்து. இந்த இரண்டும் குறிஞ்சிக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவை. இமயமலைத் தலைகளை வேறு பக்கத்துக்குக் கொண்டுபோவதே சரி. அழகாக இருக்கின்றன என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே தாளில் ஒட்டினால் பக்கத்துக்கு விஷயம் இருக்காது.

தமிழ் வாசகர் மறக்கக் கூடாத தலை இன்னொன்று. குறிஞ்சித் தலை வந்த அதே 2006-இல், பிப்ரவரி 18 அன்று, உ.வே. சாமிநாதையருக்குத் தபால்தலை வெளியானது. அவர் 1889-இல் பதிப்பித்த பத்துப்பாட்டில்தான் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது. தோழியும் தலைவியும் பறித்துக் குவித்த 99 பூக்களின் பெயர்கள் அதில் வருகின்றன. காந்தளும் அதில் உண்டு, குறிஞ்சியும் உண்டு. உ.வே.சா. தலையை நடுவில் வைத்து, இரு புறமும் 1977 காந்தளையும் 2006 குறிஞ்சியையும் வைத்தால் கண்காட்சியில் நடுவர்கள் நின்று படிக்கும் பக்கம் அமையும்.

பெங்களூருக்கே உரிய துணையும் ஒன்று உண்டு. 2017 ஏப்ரல் 23 அன்று பெங்களூர் ஜி.பி.ஓ.வில் காப்பி மணக்கும் 100 ரூபாய்த் தலை வெளியானது. சூஃபி துறவி பாபா புடன் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் காப்பி வேர்பிடித்த சிக்கமகளூர் மலைகளில்தான், 2022-இல் குறிஞ்சி பூத்து ஆயிரக்கணக்கானவர்களை இழுத்தது.

எந்தக் குறிஞ்சி?

தலையில் இருப்பது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. 1,300 மீட்டரிலிருந்து 2,400 மீட்டர் வரை உயரமுள்ள, சோலைக்காடுகளுக்கு இடைப்பட்ட புல்வெளிகளில் வளரும் குறுஞ்செடி. பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், ஓரத்தில் பல் இருக்கும். மணி வடிவப் பூவுக்கு ஐந்து மடல். விரிந்த புதிதில் வெளிர்நீலம், நாளாக ஆக ஊதா. ஒரே செடியில் இரண்டு நிறமும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்தப் பேரினத்தில் வேறு பல செடிகளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. மகாராஷ்டிரத்தில் கார்வி என்று அழைக்கப்படும் ஸ்ட்ரோபிலாந்தஸ் கல்லோசா எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். ஆள் உயரத்துக்கும் மேல் வளரும். சதாராவின் காஸ் பீடபூமியில் பூக்கும் ஸ்ட்ரோபிலாந்தஸ் செசிலிஸுக்கு ஏழு ஆண்டுக் கணக்கு. ஆண்டுதோறும் பூப்பவையும் இருக்கின்றன. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘நீலக்குறிஞ்சி’ என்றே தலைப்புப் போடுகின்றன. அதனால்தான் ‘பன்னிரண்டு ஆண்டு மலர் பூத்தது’ என்ற செய்தி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அப்படி ஒரு செய்தியைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எந்த மலை, எந்த இனம், அங்கே இதற்கு முன் எப்போது பூத்தது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத செய்தியை நம்பி வண்டியை எடுக்கக் கூடாது.

அடையாளத்தை உறுதிசெய்ய பெங்களூரைப் போல் வசதியான நகரம் தென்னிந்தியாவில் குறைவு. கர்நாடகத் தாவரங்களைப் பற்றி அடிப்படை நூல்களை எழுதிய செசில் சல்தானா அடிகளார் வழி உருவான ஜே.சி.பி. உலர்தாவரத் தொகுப்பு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கிறது. அதன் எண்ணிமப் படங்களை இணையத்தில் பார்க்கலாம். பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் பங்கெடுத்து உருவாக்கிய இந்தியப் பல்லுயிர்த் தளத்தில் யாரும் படம் ஏற்றிப் பெயர் கேட்கலாம். இலை, தண்டு, பூவின் பக்கத்தோற்றம், பூங்கொத்தின் அடிச்செதில் என்று நான்கு படம் எடுத்தால் போதும். நீலச் சரிவின் அகலப் படத்தை மட்டும் வைத்து எந்தத் தாவரவியலாளராலும் இனத்தைச் சொல்ல முடியாது.

ஒரே முறை

குறிஞ்சியைப் பார்க்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தச் செடி தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கிறது என்பது. விதை முளைத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, பூத்து, காய்த்து, காய்ந்துவிடுகிறது. மலை முழுக்க எல்லாச் செடிகளும் ஒரே பருவத்தில் பூப்பதற்குத் தாவரவியலாளர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம் இது: விதையைத் தின்னும் பூச்சிகளும் எலிகளும் பறவைகளும் எவ்வளவு தின்றாலும் தீராத அளவுக்கு ஒரே நேரத்தில் விதை கொட்டிவிட்டால், மிச்சம் முளைத்துவிடும். இடைப்பட்ட பதினோரு ஆண்டும் விதையே இல்லாததால், இதை நம்பி வாழும் பூச்சிக் கூட்டம் பெருகவும் வழியில்லை. மூங்கிலும் இதே வழியைப் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் 13 ஆண்டுக்கும் 17 ஆண்டுக்கும் ஒருமுறை மண்ணிலிருந்து கூட்டமாக வெளிவரும் சிள்வண்டுகளும் அப்படியே.

இதன் விளைவைப் பயணி உணர வேண்டும். பிச்சிப்பூவோ செம்பருத்தியோ பறித்தால் அடுத்த வாரம் வேறு மொட்டு வரும். குறிஞ்சிக் கொத்து ஒன்றைப் பறித்தால் அந்தச் செடி பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து உருவாக்கவிருந்த விதை போய்விட்டது. இரண்டாம் வாய்ப்பு அதற்குக் கிடையாது. படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்கிச் சரிவில் நடப்பதும் அதே அளவு கேடு. பூப் பருவம் முடிந்ததும் காய்கள் முற்றி வெடிக்கச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் மலையில் பழுப்பாக நிற்கும் காய்ந்த தண்டுகளைக் குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த தலைமுறை முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு சிகரெட் நெருப்பு போதும், ஒரு சரிவின் கணக்கு முடிந்துவிடும்.

சட்டமும் இப்போது கடுமையாகிவிட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. பறிப்பதும் வேரோடு பிடுங்குவதும் சிறைக்கும் அபராதத்துக்கும் உரிய குற்றம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இது அழியும் அபாயத்தை எதிர்நோக்கும் இனங்களில் ஒன்றாகிவிட்டது. தபால்தலை சேகரிப்பவர்களிடையே பூவை உலர்த்தி ஆல்பத்தில் தலைக்குப் பக்கத்தில் ஒட்டும் ஆசை சிலருக்கு உண்டு. குறிஞ்சியில் அதைச் செய்யவே கூடாது. படம் எடுத்து அச்சிட்டு ஒட்டுங்கள்.

மலைக்குப் போகும் வழி

கர்நாடகத்துக்குள் இரண்டு திசைகள். சிக்கமகளூர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 245 கிலோமீட்டர். கெம்பேகவுடா பேருந்து நிலையத்திலிருந்து இரவுப் பேருந்தில் ஏறினால் விடியும்போது அடிவாரம். அங்கிருந்து முள்ளய்யனகிரிக்கும் பாபா புடன்கிரிக்கும் மலைச்சாலை. முள்ளய்யனகிரி கர்நாடகத்தின் மிக உயரமான சிகரம். 1,900 மீட்டருக்கு மேல். 2022 செப்டம்பரில் இந்தச் சரிவுகள் பூத்தபோது குறுகலான சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றன. இப்போது அங்கே வாகனக் கட்டுப்பாடு இருப்பதால், புறப்படும் முன் மாவட்ட நிர்வாகத்தின் முன்பதிவு நடைமுறையைப் பார்த்துக்கொள்வது அவசியம். மற்றது குடகு. மைசூர் சாலை சேட்டிலைட் பேருந்து நிலையத்திலிருந்து மடிக்கேரிக்குப் பேருந்து உண்டு. 2021 ஆகஸ்டில் மண்டல்பட்டியும் கோட்டேபெட்டாவும் நீலமாயின. மலைநாட்டில் வழி கேட்கும்போது குறிஞ்சியைக் கன்னடத்தில் ‘குரிகே’ என்று சொன்னால் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சட்டென்று புரியும்.

தலையில் உள்ள குறிஞ்சியை அதன் சொந்த மண்ணில் பார்க்க நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ மூணாறுக்கோ போக வேண்டும். மைசூர், குண்டல்பேட்டை வழியாக உதகைக்குப் போகிறவர்கள் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் செல்ல 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். கொடைக்கானல் போகிறவர்கள் 1936-இல் கட்டப்பட்ட குறிஞ்சி ஆண்டவர் கோயிலையும் பார்த்துவரலாம்; தெளிவான நாளில் அங்கிருந்து பழனிக் கோயில் மலை தெரியும். மூணாறில் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதி எளிதில் போய்வரக்கூடியது.

பூக்கும் ஆண்டில் வார இறுதியைத் தவிர்த்து, செவ்வாய் புதனில் போவதே நல்லது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளமும் நிலச்சரிவும் மூணாறுப் பயணங்களை முடக்கின என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பருவமழையின் நடுவில் பூக்கும் மலர் இது. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டும் முன் மழை நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறித்து வைப்பவர்கள்

நீலகிரி, பழனி மலைக் குறிஞ்சிக்கு 1838 முதல் 2018 வரை பன்னிரண்டு பன்னிரண்டாகப் பூப்பு ஆண்டுகளின் தொடர் இருக்கிறது. ராபர்ட் வைட் போன்ற தாவரவியலாளர்கள் எழுதி வைத்தார்கள். பளியர் போன்ற மலைமக்கள் தங்கள் வயதையே குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள். திருச்சி ராபினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மேத்யூ அடிகளார் 1970 பூப்பைப் பார்த்துக் கட்டுரை எழுதினார். சிக்கமகளூருக்கோ குடகுக்கோ இப்படி நீண்ட தொடர் பொதுவெளியில் இல்லை. அங்கே எந்தச் சரிவில் எந்த இனம் எந்த ஆண்டு பூத்தது என்று பெங்களூரிலிருந்து போய்வருகிறவர்கள் எழுதி வைத்தால், அது உண்மையிலேயே பயன்படும் ஆவணம். மலையின் பெயர், உயரம், தேதி, நான்கு படங்கள், பூ மிகுதியா சிதறலா என்ற ஒரு வரி: இவ்வளவு போதும். ஆல்பத்தில் ஒரு பிரதி, இந்தியப் பல்லுயிர்த் தளத்தில் ஒரு பிரதி.

வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் சேர்ந்தே செய்யலாம். தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு அஞ்சல் துறை 2017-இல் தொடங்கிய தீனதயாள் ஸ்பர்ஷ் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பள்ளி ஃபிலாட்டெலி கிளப்பில் உறுப்பினராகவோ சொந்த வைப்புக் கணக்கோடோ இருக்க வேண்டும், வினாடி வினாவிலும் செயல்திட்டத்திலும் தேற வேண்டும். குறிஞ்சித் தலையையும் ஒரு மலைப் பயணத்தின் குறிப்புகளையும் சேர்த்தால் நல்ல செயல்திட்டம் அமையும். மியூசியம் ரோடு தபால் நிலையத்தின் பழைய கட்டடத்தில் உள்ள ‘சந்தேஷா’ அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனால் பிள்ளைக்குத் தபாலின் வரலாறும் பிடிபடும்.

நீலகிரி, கொடைக்கானல், மூணாறுக் குறிஞ்சியின் அடுத்த பூப்பு 2030 ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள். நாட்காட்டியில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் தலையை வாங்கி, செடியைப் படித்து, ஒருமுறையாவது பூக்காத ஆண்டில் அந்தப் புல்வெளியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.